ராம் மாற்ற வேண்டாம் சார்

மன்னார்குடி உரக்கடையில் உள்ள கோர் 2 டுவோ கணினியில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் போட்டதிலிருந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது, ராம் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் செலவு வேண்டாம் சார். அந்தப் பதிப்புக்கு ப்ராசஸரில் 'பாப்கவுண்ட்' என்ற கட்டளை இருந்தே ஆக வேண்டும். ஓர் எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணும் சின்ன வேலைதான். இன்டெல் அதை 2008-இல் வந்த முதல் கோர் ஐ7-இல்தான் சேர்த்தது; கோர் 2 டுவோவில் கிடையாது. எந்தச் செட்டிங்காலும் அதை வரவழைக்க முடியாது.

முதலில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, 'இன்ஸ்டால்' அழுத்தாமல் அதிலிருந்தே பூட் செய்து, சம்பா பருவத்துக் கடன் கணக்கையெல்லாம் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். அது முக்கியம். அப்புறம் மின்ட்டையே நிரந்தரமாகப் போடலாம், 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாகவே ஓடும். பில் மென்பொருளுக்கு விண்டோஸின் இந்தப் பதிப்புதான் வேண்டுமென்றால் ப்ராசஸரோடு மதர்போர்டையும் மாற்ற வேண்டிவரும்.