கிரானைட் கழிவில் பேவர் பிளாக்: கட்டுப்படியாகுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே கிரானைட் அறுவை ஆலைகள் கல் தூள் சேற்றையும் உடைந்த துண்டுகளையும் இலவசமாகவே தருகின்றன. அவற்றைக் கொண்டு பேவர் பிளாக் (நடைபாதையிலும் முற்றத்திலும் பதிக்கும் சிமென்ட் கல்) தயாரித்தால் லாபம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் சேற்றை நம்பி இறங்காதீர்கள். நான்கில் ஒரு பங்கு ஈரமுள்ள 10 டன் லோடில் நீங்கள் வாடகை கொடுத்து ஏற்றி வருவது இரண்டரை டன் தண்ணீர். அதை உலர்த்த இடமும், கட்டிகளை உடைத்துச் சலிக்க ஆட்களும் வேண்டும். தூள் மிக நுண்மையானது என்பதால், கலவையில் அதன் பங்கு கூடக்கூடத் தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்படும். அதனால் குறையும் வலிமையை ஈடுகட்டச் சிமென்ட்டைக் கூட்டினால், மணலில் மிச்சம் பிடித்தது சிமென்ட்டில் போய்விடும். எந்த இயந்திரத்தில் அறுத்த சேறு என்பதையும் விசாரியுங்கள். எஃகுத் துகளும் சுண்ணாம்பும் விட்டு அறுக்கும் கேங் சா என்ற பல பிளேடு ரம்பத்தின் சேற்றில் இரும்பு கலந்திருப்பதால், பிளாக்கின் மேல் துருக்கறை படியக்கூடும். வைர பிளேடில் அறுத்த சேற்றில் இந்தத் தொல்லை இல்லை.

என் கணிப்பில் காசு துண்டுகளில்தான் இருக்கிறது. பெரியவற்றை ஒரே அளவாக வெட்டிச் சுவரில் பதிக்கவும் தோட்டப் பாதைக்கும் விற்கலாம். மிஞ்சியவற்றை அருகிலுள்ள கிரஷரில் பிளாக் கலவைக்கான ஜல்லியாகக் கூலிக்கு உடைத்து வாங்குங்கள், சொந்தக் கிரஷர் இப்போது வேண்டாம்.

இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், மணலுக்குப் பதிலாகத் தூளை வெவ்வேறு விகிதங்களில் சேர்த்துச் சில பிளாக்குகளை வார்த்து, பேவர் பிளாக்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15658-இன்படி பொறியியல் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் 28 நாள் வலிமையைச் சோதித்துவிடுங்கள். இந்த 28 நாள் கணக்கு நடைமுறை மூலதனத்துக்கும் பொருந்தும்: வார்த்த பிளாக்குகள் வலிமை பெறும்வரை காத்திருந்து, பிறகு ஒப்பந்ததாரர் தவணை சொல்லும் காலத்தையும் தாங்கும் பணம் கையில் இருக்க வேண்டும். எடை கூடிய, விலை குறைந்த பொருள் என்பதால் லாரி வாடகை தாங்கும் தூரம்தான் உங்கள் சந்தை.

கிரானைட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுத்து, குணமாகாத சிலிக்கோசிஸ் நோயைத் தரும். ஆகவே வெட்டுவதை நீர் தெளித்தே செய்ய வேண்டும். முகக்கவசம் மட்டும் போதாது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பற்றியும், கல்லை ஏற்றிவர நடைச்சீட்டு (கனிமத்தை லாரியில் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு) தேவையா என்பது பற்றியும் அந்தந்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்ட மானியம் புதிய தொழில்களுக்கு உரியது என்பதால், தொழிலைத் தொடங்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள்.