கரும்பை இனிக்க வைத்தது யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏழெட்டு வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெரிய மனிதர்கள் யாராவது இறந்துபோனால் மற்ற எழுத்தாளர்கள் எல்லாம் அன்று மாலைக்குள் அஞ்சலி எழுதிவிடுகிறார்கள். நீங்கள் எழுதுவதே இல்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை அவள் பள்ளியில் மறைந்த சாதனையாளர்களைப் பற்றிப் பேச்சுப் போட்டி. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய உரையை இணைத்திருக்கிறேன். 'சப்பென்று கிடந்த இந்தியக் கரும்பை இனிக்க வைத்த தாய்' என்று தொடங்குகிறது. அவரைப் பற்றித் தமிழில் என்ன படிக்கலாம் என்று சொல்லுங்கள். சென்னையில் அவருக்கு ஒரு சிலை வைக்கச் சொல்லி நீங்கள் எழுதக் கூடாதா?

வளசரவாக்கத்திலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் நடிகரையும் கிரிக்கெட் வீரரையும் விட்டுவிட்டு ஒரு செல்லியல் அறிஞரைப் பிடித்திருக்கிறாள். இரண்டாம் தடவை கோபம் வந்தது. கோபம் குழந்தை மேல் இல்லை. அந்த முதல் வரி உங்களுடையது என்பது படித்தவுடனே தெரிகிறது.

சிலையை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். காக்கை உட்கார நம் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

அவர் திருமணம் செய்துகொள்ளாததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அதையும் எடுத்துவிடலாம். ஆண் விஞ்ஞானி யாருக்காவது இப்படி ஒரு பத்தி எழுதுவோமா? சரி, கரும்புக்கு வருவோம்.

சப்பென்று கிடந்ததாம்! சர்க்கரை என்கிற சொல்லே இந்த மண்ணிலிருந்து கிளம்பி அரபி நாடுகள் வழியாக ஐரோப்பா வரை போனது. புறநானூற்றின் 99வது பாட்டில் அதியமானின் முன்னோர்கள் கிடைத்தற்கரிய கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் பாடுகிறார். 'தந்து' என்பதுதான் அவள் போட்ட சொல். படைத்தார்கள் என்று சொல்லவில்லை, கொண்டுவந்தார்கள் என்றாள். புகழ்ந்து பாடிப் பரிசில் வாங்குகிற புலவருக்கே இவ்வளவு கணக்கு இருந்திருக்கிறது. வாட்ஸப்பில் வந்ததை அப்படியே எடுத்து வைக்கிற நமக்கு அது இல்லை.

வருடங்களைப் பாருங்கள். கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது 1912ல். சார்லஸ் பார்பர் என்ற ஆங்கிலேயர் அதை நடத்தினார். அவருடன் இருந்து, அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் டி.எஸ். வெங்கட்ராமன். அவர்கள் 'வெள்ளை' என்ற நாட்டுக்கரும்பையும் ஆற்றங்கரையில் தானாக முளைத்துக் கிடக்கிற நாணலையும் கலந்தார்கள். அதில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. அப்போது ஜானகிக்கு இருபது, இருபத்தொன்று வயது. கல்லூரி மாணவி. அவர் அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததே 1934ல்தான். அதற்குள் கோ வரிசைக் கரும்புகள் வடக்கே பரவிவிட்டன. 1932ல் ஜாவா சர்க்கரைக்கு எதிராகப் பாதுகாப்பு வரி வந்து, முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் நாலைந்து வருடத்தில் நூறைத் தாண்டிக்கொண்டிருந்தன. பந்தி பாதி நடக்கும்போது வந்தவரை, அடுப்பு மூட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. நாணல் இனிக்காது. சந்தேகம் இருந்தால் ஒன்றை ஒடித்து மென்று பாருங்கள். கரும்பை இனிப்பாக்க யாராவது இனிக்காத புல்லோடு சேர்ப்பார்களா? தடித்த கரும்பிடம் இனிப்பு ஏற்கெனவே இருந்தது. இல்லாதது உடல்வலு. நோய் வந்தால் சாயும், வடக்கத்திக் குளிரைத் தாங்காது. நாணலுக்கு எந்தக் கேடும் வராது, வெட்ட வெட்ட வரும். இனிக்கிற சீக்காளிக்கு இனிக்காத முரடனைக் கட்டிவைத்தார்கள். பிறகு வந்த பிள்ளைகளை மறுபடி மறுபடி இனிப்பு வழியிலேயே கலந்து சாற்றை மீட்டார்கள். கோயம்புத்தூரைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அந்த ஊர்த் தட்பவெப்பத்தில் கரும்பு பூத்து விதை பிடிக்கும். பூக்காமல் கலப்பு ஏது? எங்கள் ஊரில் கரும்பு பூத்தால் எடை போச்சு என்று தலையில் கை வைப்போம். அங்கே அதற்காகவே காத்திருந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்று நினைக்கலாம். எங்கள் வீட்டில் கரும்பு போட்டவர்கள் நாங்கள். தென்னார்க்காடு. அப்பா ரகத்தின் பெயரைச் சொல்ல மாட்டார், எண்ணைத்தான் சொல்வார். 'நாலு பத்தொம்பது நல்லா கட்டுது' என்பார். கோ 419. முன்னால் இருக்கும் 'கோ' கோயம்புத்தூரின் தலையெழுத்து என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஏதோ ராஜா என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஒரு வித்தை தெரியும். கரணை பார்ப்பது, அதாவது நடுவதற்கு வெட்டும் கரும்புத் துண்டைத் தேர்வது. நடவுக்கு விதைக்கரும்பு வெட்டும்போது ஊரில் பாதிப் பேர் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏழு மாதப் பயிருக்கு மேல் தொட மாட்டார். சோகையைக் கையால் உரித்து, ஒவ்வொரு கணுவிலும் முளை வரும் பருவைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். அடிக்கரும்பை ஒதுக்கிவிடுவார், அங்கே பரு முற்றிக் கிடக்கும் என்பார். வெட்டிய முனையில் துளி சிவப்புத் தெரிந்தால் போதும், அந்தக் கட்டையே வேண்டாம் என்று வரப்புக்கு அந்தப் பக்கம் எறிவார். செவ்வழுகல் நோய் கரணை வழியாகத்தான் அடுத்த வயலுக்குப் போகும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இதற்குக் காசு வாங்கியதில்லை. ஒரு கட்டு வெற்றிலை, அவ்வளவுதான்.

அவர் இறந்து பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்தார்கள். உள்ளூர்ப் பிரமுகர்கள் நாலு பேர் பேசினார்கள். முதலில் பேசியவர், எங்கள் ஏரிக்கு வரத்து வாய்க்காலைத் தூர்வாரிக் கொண்டுவந்த பகீரதன் என்றார் அப்பாவை. கைதட்டல். அடுத்தவர் அதையே பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினார். மூன்றாமவர் வாய்க்காலை இரண்டாக்கினார்.

வாய்க்காலுக்காக அலைந்தவர் என் பெரியப்பா. பதினோரு வருடம். மஞ்சள் பையில் மனுக்களோடு தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தார். கடைசியில் வேலை நடந்தபோது வெயிலில் நின்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்பா அந்த விஷயத்தில் செய்தது ஒன்றே ஒன்று. 'வீண் வேலைண்ணா' என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் திருத்தம் சொல்வதா என்று கூச்சம். அப்பாவைப் புகழ்கிறார்களே என்ற அற்ப சந்தோஷமும் இருந்திருக்கும், மறைப்பானேன்.

எல்லாரும் போன பிறகு பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். பெரியப்பாவைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்து மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சொன்னது இது: "ஒங்கப்பாவுக்குக் கரண பாக்கத் தெரியும்டா. அத ஒருத்தனும் சொல்லலியே."

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வாய்க்காலைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, சாகிற வரைக்கும் பேசவில்லை.

அஞ்சலி ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். அன்று மாலைக்குள் எழுத வேண்டும் என்றால் என் கையும் வாய்க்காலைத்தான் எழுதும்.

அந்த மேடையில் நடந்ததைத்தான் நீங்கள் ஜானகி அம்மாளுக்குச் செய்திருக்கிறீர்கள். வெங்கட்ராமனுடையதை எடுத்து அவருக்குக் கொடுத்தீர்கள். வெங்கட்ராமன் 1963ல் போய்விட்டார், சண்டைக்கு வர மாட்டார். போகட்டும். ஆனால் ஜானகி அம்மாளின் கரணை எங்கே? இரண்டு பக்க உரையில் அது ஒரு வரிகூட இல்லையே அம்மா!

அவர் கோயம்புத்தூரில் செய்தது எண்ணுகிற வேலை. செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவது. மக்காச்சோளத்துக்கு 20. தடித்த கரும்புக்கு 80. நாணலுக்கு ஊருக்கு ஒரு கணக்கு, 40லிருந்து 128 வரை போகும். வெளியே பார்த்தால் ஒரே புல், உள்ளே பத்து விதம். எது எதற்கு உறவு, யாரை யாரோடு சேர்த்தால் என்ன பிறக்கும் என்பதற்கு இந்த எண்ணிக்கைதான் ஜாதகம். அந்த ஜாதகத்தை வைத்துக்கொண்டு கரும்பையே மக்காச்சோளத்தோடு சேர்த்துப் பார்த்தார். 1938ல் நேச்சர் இதழில் அதைப் பற்றி எழுதினார். அந்தச் செடியால் எந்த ஆலைக்கும் ஒரு மூட்டை சர்க்கரை வந்ததில்லை. புல் இனங்களுக்குள் சொந்தம் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது தெரிந்தது. அதை உங்கள் மகள் மேடையில் சொன்னால் கைதட்டல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

1939ல் எடின்பரோவில் மரபியல் மாநாடு. போன இடத்தில் போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி ஜான் இன்னஸ் என்ற தாவர ஆய்வு நிலையத்தில் வேலை செய்தார். அங்கிருந்த செல்லியல் அறிஞர் சிரில் டார்லிங்டனும் அவரும் சேர்ந்து 1945ல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸைக் கொண்டுவந்தார்கள். உலகத்துப் பயிர்களின் எண்ணிக்கையெல்லாம் ஒரே புத்தகத்தில். பத்து வருடம் கழித்து டார்லிங்டன் அதை விரித்து மறுபடி வெளியிட்டபோது அட்டையில் அவரோடு இருந்த பெயர் வேறு. பெண்ணுக்கு நடந்த அநீதி என்று ஒரு பத்தி வைத்திருக்கிறீர்களே, அதில் இதை வைத்திருந்தால் கனமாக இருந்திருக்கும்.

பிறகு இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்சிசின் என்ற மருந்து கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். அந்த மருந்து நம் செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று அதை வயல் வயலாகப் போட்டு விதையை விற்கிறார்கள். ஒரு மக்னோலியாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த மரத்தை மட்டும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், பூவின் நிறத்தோடு. அவர் அதற்கு என்ன செய்தார் என்பதை எழுதவில்லை.

நேரு கூப்பிட்டு இந்தியா திரும்பி தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தது, 1977ல் பத்மஸ்ரீ, இதெல்லாம் சரியாகவே இருக்கிறது. அமைதிப் பள்ளத்தாக்கு பற்றிய வரியில் மட்டும் கை வையுங்கள். கேரளத்தின் அந்தக் காட்டில் கட்டவிருந்த மின்திட்ட அணைக்கு எதிராக எண்பது தாண்டிய வயதில் நின்றார், உண்மை. 'அணையைத் தடுத்தவர்' என்று எழுதிவிட்டீர்கள். அந்தப் போராட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் இருந்தது, கவிஞர் சுகதகுமாரி இருந்தார், பெயர் தெரியாத பள்ளிக்கூட வாத்தியார்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். மறுபடியும் வாய்க்கால்!

தமிழில் என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். இருக்கிற மூன்று நாளில் படிக்க வேண்டாம். கடைத்தெருவில் ஜூஸ் பிழிகிறவரிடம் தோகை கழிக்காத ஒரு கரும்பு கேட்டு வாங்குங்கள். கணுவில் இருக்கும் பருவைக் குழந்தையின் கட்டைவிரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதை நட்டால் அதே கரும்பு வரும், விதையை நட்டால் வேறு கரும்பு வரும் என்று சொல்லுங்கள். மீதியை அவளே கேட்பாள். கெட்டிக்காரி.

முதல் வரியை அடித்துவிட்டால் அங்கே என்ன வைப்பது என்று நீங்கள் கவலைப்படலாம். 1970லிருந்து ஜானகி அம்மாள் சென்னையில்தான் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு மதுரவாயலில் ஒரு கள ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கேதான் வேலை. 1984 பிப்ரவரி 7 அன்று, எண்பத்தாறு வயதில், வேலையில் இருக்கும்போதே காலமானார். உங்கள் உரையில் தலச்சேரி இருக்கிறது, மிச்சிகன் இருக்கிறது, லண்டன் இருக்கிறது. மதுரவாயல் இல்லை. வளசரவாக்கத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். வியாழக்கிழமை சாயங்காலம் குழந்தையை அந்தப் பக்கம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.