வேர் நுனி கருகுகிறது, விதையை எதில் ஊற வைப்பது?

கேள்வி: ஐயா, பர்மாவில் பெகுவுக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பக்கத்து நிலத்தில் நாலு வருஷம் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கினார்கள். போன வருஷம் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மழைத் தண்ணீர் அங்கிருந்து எங்கள் மேற்கு மூலைக்குத்தான் இறங்கும். அந்தப் பக்கம் வெண்டை, தட்டைப்பயறு, சின்பாங் என்கிற புளிச்சக் கீரை எதைப் போட்டாலும் முளைக்கிறது. பிறகு வேர் நுனி கருகி அப்படியே நின்றுவிடுகிறது. மண்ணின் விஷத்தை இழுத்துவிடும் என்று கடைக்காரர் ஒரு சீசா கொடுத்து, விதையை அதில் ஊற வைக்கச் சொன்னார். ஊற வைக்கலாமா? வேறு எதில் ஊற வைப்பது? வீட்டுச் செலவே கீரையில்தான் ஓடுகிறது.

பதில்: தம்பி, அந்தச் சீசாவைத் திறக்காதீர்கள். ‘விஷத்தை இழுக்கும்’ என்று விற்கிற மருந்துகளில் ஈடிடிஏ மாதிரிச் சேர்மம் இருந்தால், அது மண்ணோடு ஒட்டிக் கிடக்கிற ஈயத்தைக் கரைத்து விடுவிக்கும். விடுபட்ட ஈயம் ஒன்று செடிக்குள் ஏறும், இல்லை கிணற்றுக்கு இறங்கும். செடியை அதிகமாக ஈயம் உறிஞ்ச வைக்கவே ஆய்வுகளில் ஈடிடிஏவை ஊற்றுகிறார்கள். அப்படி வளர்த்த செடியைப் பிடுங்கித் தனியாக அப்புறப்படுத்துவார்கள், பஜாருக்கு அனுப்ப மாட்டார்கள். சீசாவில் என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாமல் விற்கிற கடைக்குத் திரும்பப் போகாதீர்கள்.

ஊற வைப்பதைச் சொல்லிவிடுகிறேன். 10 லிட்டர் மழைத் தண்ணீரில் 20 கிராம் ஜிப்சம் கலக்குங்கள். லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிராமுக்கு மேல் அது கரையாது, அதிகம் போட்டு லாபமில்லை. தட்டைப்பயறு நாலு முதல் ஆறு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பயறு விதை காற்றில்லாமல் மூச்சு முட்டி அழுகும். வெண்டை ஒரு ராத்திரி கிடக்கலாம். எடுத்து நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதையுங்கள். விதைத்தோல் இருக்கும்வரை உள்ளே இருக்கிற முளைக்குப் பாதுகாப்பு உண்டு. வேர் தோலைக் கிழித்து வெளியே வந்த நிமிஷத்திலிருந்துதான் ஆபத்து. ஈயமும், காட்மியம் என்கிற இன்னொரு விஷ உலோகமும் வேர் செல்லுக்குள் நுழையப் பார்க்கிற வழியில் ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் போட்டியாக நிற்கும், செல்லின் சவ்வையும் இறுக்கிப் பிடிக்கும். பெருத்த விதையாகப் பொறுக்கிப் போடுங்கள். அதில் சேமிப்பு அதிகம், முதல் வாரத்தைத் தள்ளிவிடும். ஊற வைத்ததன் பலன் அந்த ஒரு வாரத்துக்குத்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. பேட்டரிக்குள் ஈயம் மட்டும் இல்லை, கந்தக அமிலமும் இருக்கிறது. நாலு வருஷம் அது மழையோடு உங்கள் மூலைக்கு வந்திருக்கிறது. மண் புளித்தால் முதலில் வேரைத் தாக்குவது மண்ணிலேயே இருக்கிற அலுமினியம். பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், அது குறைந்தால் புளிப்பு அதிகம்) 5-க்குக் கீழே போனால் அது கரைந்து வெளியே வரும்; வேர் நுனி தீக்குச்சித் தலை மாதிரி தடித்துப் பழுப்பாகும், பக்கவேர் விடாது. ஈயமும் புளித்த மண்ணில்தான் அதிகம் கரையும். ஒரு முளையைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். மேலே இரண்டு இலை பச்சையாக இருந்து, கீழே வேர் கட்டைவிரல் நகம் அளவுகூட நீளாமல் மொட்டையாக இருந்தால் புளிப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது சுண்ணாம்பு. பா-ஆன் பக்கம் மலை மலையாகச் சுண்ணாம்புக் கல் நிற்கிற நாட்டில், நம் ஆட்கள் இறக்குமதிச் சீசாவுக்குக் கியாட் பணத்தை எண்ணிக் கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை. மூன்று கிண்ணம் எடுங்கள். ஒன்றில் கிழக்கு மூலை மண், இரண்டாவதில் மேற்கு மூலை மண், மூன்றாவதில் மேற்கு மூலை மண்ணோடு ஒரு சிட்டிகை நீற்றிய சுண்ணாம்பு கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்தது. மூன்றிலும் ஒரே விதை, மழைத் தண்ணீர். ஒரு வாரத்தில் வேரைப் பாருங்கள். மூன்றாவது கிண்ணத்தில் வேர் ஓடியிருந்தால் வழி தெரிந்துவிட்டது. வயலில் அரைத்த சுண்ணாம்புக் கல் தூளை ஏக்கருக்கு ஒரு டன் கணக்கில் போட்டு, நன்றாக மக்கிய சாணத்தோடு உழுது கலந்து, சில மாதம் கழித்து பி.எச். பார்த்து, தேவைப்பட்டால் மீண்டும் போடுங்கள். 6.5-ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் துத்தநாகப் பற்றாக்குறை வரும். இதற்கெல்லாம் முன்னால், பக்கத்து நிலத்துத் தண்ணீர் இறங்காதபடி வரப்பை உயர்த்தி வாய்க்காலைத் திருப்புங்கள். அது இறங்கிக்கொண்டே இருந்தால் எத்தனை மூட்டை போட்டும் வீண்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். வேர் ஓடிவிட்டது, சின்பாங் தளதளவென்று நிற்கிறது என்று வையுங்கள். அதை யார் சாப்பிடுவது? சுண்ணாம்பு ஈயத்தைக் கட்டிப்போடும், வெளியேற்றாது. மேல் மண்ணில் அது காலத்துக்கும் கிடக்கும். கீரைக்கு கோடெக்ஸ் என்கிற உலக உணவுத் தர அமைப்பு வைத்திருக்கிற எல்லை கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் ஈயம். வெண்டை மாதிரிக் காய்க்கு 0.05. கீரையில் வேர் வழியாக ஏறுவதைவிட மழை தெறித்து இலையில் ஒட்டுகிற மண்ணே அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிடும். எத்தனை அலசினாலும் முழுக்கப் போகாது. முள்ளங்கி, கிழங்கு அதைவிட மோசம். உங்கள் கீரையை வாங்குகிறவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும். ஈயம் முதலில் கெடுப்பது அவர்கள் மூளையை.

வேளாண் துறை ஆய்வகத்துக்கு மண் கொடுக்கும்போது ஈயம், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சாதாரண மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்தோடு நிறுத்திவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீரையும் கொடுங்கள். முடிவு வரும்வரை மேற்கு மூலையில் கீரை வேண்டாம், வெற்றிலையும் வேண்டாம். கீரையைக் கிழக்கு மூலைக்கு மாற்றுங்கள், அந்த மண்ணையும் சேர்த்துச் சோதிக்கக் கொடுத்துவிட்டு. மேற்கே மல்லிகையோ துலுக்கச் சாமந்தியோ போடுங்கள். கோயிலுக்கும் பகோடாவுக்கும் பூ விலை போகாத நாள் உண்டா? வருமானம் நிற்காது, யார் வயிற்றுக்கும் போகாது.

மாட்டை அந்தப் பக்கம் கட்டாதீர்கள். உடைத்த பேட்டரிச் சக்கையை மாடு விரும்பி நக்கும், கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து விழும். கறுப்பு ஓட்டுத் துண்டுகள் கிடந்தால் கையுறை போட்டுப் பொறுக்கிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அடுப்பில் போடாதீர்கள். வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால், மண் முடிவுக்குக் காத்திருக்காமல் ரத்தத்தில் ஈயம் பார்க்க முடியுமா என்று ரங்கூனில் ஒரு குழந்தை மருத்துவரிடம் இந்த மாதமே கேளுங்கள்.