எட்டு சிலிண்டரும் ஒரு திண்ணையும்

அன்புள்ள ஐயா,

டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். 2012 மாடல் டொயோட்டா செக்வோயா வைத்திருக்கிறேன், மூன்று வரிசை சீட் உள்ள பெரிய எஸ்யூவி, 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), நாலு சக்கர இழுவை. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மைல் ஓடிவிட்டது. இன்னும் ஓடும், ஆனால் மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

சனிக்கிழமை காலைகளில் பழைய டொயோட்டா வைத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு காபிக் கடை வாசலில் கூடுவோம். 2022 ஜனவரியில் புதிய செக்வோயாவைக் காட்டினார்கள் அல்லவா, அன்றிலிருந்து அதைத் திட்டாத வாரம் இல்லை. அதில் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவோடு ஆறு சிலிண்டர், கூடவே மின் மோட்டார் சேர்ந்த ஹைபிரிட் ஏற்பாடு. வி8 போச்சு, டர்போவை நம்ப முடியாது, ஹைபிரிட் பேட்டரி டிக்கியைத் தின்றுவிட்டது என்கிறார்கள். அதே ஆட்கள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பிக்கப் பேய் மாதிரி இருக்கு” என்றும் சொல்கிறார்கள். “உங்களுக்கு வண்டி வேணுமா, சத்தம் வேணுமா?” என்று என் மனைவி கேட்கிறாள். வருடத்தில் ஆறு மாதம் அம்மாவும் அப்பாவும் எங்களோடு இருப்பார்கள். குழந்தைகள் இரண்டு பேர். நண்பர்களின் பேச்சை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்புடன்,
ம., பிளேனோ

அன்புள்ள ம.,

உங்கள் சனிக்கிழமை நண்பர்களை நம்பலாம். அந்த வண்டிகளின் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் துக்கத்தையும் குறையையும் ஒரே குரலில், ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கு எது எது என்று பிரியாது. நீங்கள் குழம்பியிருப்பது அங்கேதான்.

துக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எனக்கும் உண்டு. அதே 5.7 லிட்டர் எஞ்சினைப் பத்து வருடத்துக்கு மேலாக நான் ஓட்டுகிறேன். குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு கணம் உயர்ந்து உறுமும், அப்புறம் மெல்ல இறங்கி நிதானத்துக்கு வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் என் மகள் ஷூவைத் தேட ஆரம்பிப்பாள். பள்ளி முடித்து அவள் கல்லூரிக்கே போய்விட்டாள், எஞ்சின் இன்னும் அதே சுருதியில் இருக்கிறது. இப்படி ஒரு பொருள் கூடவே வந்தால் மனிதர்களுக்கு அதன்மேல் பாசம் வரத்தான் செய்யும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த எஞ்சின் செக்வோயாவுக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் விற்ற லேண்ட் குரூஸர் 200, லெக்சஸ் எல்எக்ஸ் 570, டண்ட்ரா பிக்கப் டிரக் எல்லாவற்றிலும் இதுவே இருந்தது. 2021 மாடலோடு லேண்ட் குரூஸர் 200 இங்கே நின்றது. அதே வருடத்தோடு எல்எக்ஸ் 570-உம் வி8 டண்ட்ராவும் முடிந்தன. 2022 மாடலில் இந்த வி8-உடன் மிஞ்சியது செக்வோயா ஒன்றுதான். அதுவும் போனபோது, மற்ற மூன்றுக்கும் சேர்த்து அழ வேண்டிய அழுகை இதன் தலையில் இறங்கியது. உங்கள் நண்பர்களின் கோபத்தில் பாதி லேண்ட் குரூஸருக்கானது என்று நினைக்கிறேன்.

டொயோட்டா வி8 மேல் இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 2007 மாடல் டண்ட்ரா ஒன்று பத்து லட்சம் மைல் ஓடியது. 2016-இல் நிறுவனமே அதற்குப் பதில் புது வண்டி கொடுத்து, பழையதைப் பிரித்துப் பார்ப்பதற்காக வாங்கிக்கொண்டது. அது 4.7 லிட்டர் வி8. செக்வோயாவிலும் ஆரம்பத்தில் அந்த எஞ்சின் இருந்தது. இதையெல்லாம் கண்முன்னே பார்த்தவர்களிடம் போய், மூன்றரை லிட்டர்கூட இல்லாத ஆறு சிலிண்டர் எஞ்சின், மேலே இரண்டு டர்போ, நடுவே ஒரு மோட்டார் என்றால் புருவத்தை உயர்த்தாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் நினைவு எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. 5.7-இல், புகையைச் சுத்தப்படுத்தக் காற்று செலுத்தும் ஏர் இன்ஜெக்‌ஷன் பம்ப் போகும், மாற்ற நல்ல செலவு. எஞ்சின் தலையில் கேம் தண்டைத் தாங்கும் பகுதியான கேம் டவர் ஓரமாக ஆயில் கசியும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன், உங்கள் நண்பர்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

சரி, புதியதற்கு வருவோம். எஞ்சின் விஷயத்தில் என் கருத்து தெளிவானது: மாற்றியது சரி. பழைய வி8 கொடுத்தது 381 குதிரைத்திறன், 401 பவுண்டு-அடி டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் திருகுவிசை). புதியது கொடுப்பது 437 குதிரைத்திறன், 583 பவுண்டு-அடி. அந்த 583-உம் 2,400 ஆர்பிஎம்மிலேயே, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும்போதே, வந்துவிடுகிறது. நாம் அன்றாடம் ஓட்டும் வேகத்தில், காலை லேசாக வைத்ததுமே பலம் கிடைக்கிறது என்று அர்த்தம்.

இது எனக்குப் புரிந்தது கேன்யன் லேக் போகும் வழியில். சான் ஆன்டோனியோவிலிருந்து வடக்கே போனால் ஹில் கன்ட்ரி மேடுகள் ஆரம்பிக்கும். நண்பர் ஒருவர் 2023 செக்வோயாவின் பின்னால் படகு ட்ரெய்லரைக் கட்டியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மேட்டில் என் வண்டி இரண்டு கியர் இறங்கி, நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு ஏறி, உள்ளே பேசிக்கொண்டிருப்பவர்களைக் குரல் உயர்த்த வைக்கும். அந்தக் கணத்துக்காகவே காத்திருந்தேன். வரவில்லை. நண்பர் தன் மாமனாரின் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார், அதே குரலில். மேடு முடிந்த பிறகுதான் ஏறிவிட்டோம் என்றே எனக்குத் தெரிந்தது. இழுவைத் திறனும் ஏழாயிரத்துச் சொச்சம் பவுண்டிலிருந்து 9,520 வரை போயிருக்கிறது.

ஹைபிரிட் என்றதும் டொயோட்டாவின் சிக்கனக் காரான ப்ரியஸை நினைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். இது வேறு ஏற்பாடு. எஞ்சினுக்கும் பத்து கியர் பெட்டிக்கும் நடுவில் ஒரு மோட்டாரைச் செருகியிருக்கிறார்கள், 48 குதிரைத்திறன். பேட்டரி 1.87 கிலோவாட்-மணி, நிக்கல் வகை, சின்னதுதான். பார்க்கிங்கில் ஊரும்போது எஞ்சின் இல்லாமலே நகரும், சிக்னலில் எஞ்சின் அணையும். ஆனால் மோட்டாரின் முக்கிய வேலை டர்போ மூச்சுப் பிடிக்கும்வரை தோள் கொடுப்பதுதான். எஞ்சின் திரும்பச் சேரும்போது சில சமயம் சின்ன அசைவு தெரியும். அது பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கு ஒரு வாரத்தில் மறந்துபோகும் என்று தோன்றியது.

மைலேஜ் கணக்கையும் பார்த்துவிடலாம். நாலு சக்கர இழுவையில் பழையது கேலனுக்கு 14 மைல், புதியது 20. வருடம் 12,000 மைல் ஓட்டினால் சுமார் 250 கேலன் மிச்சம். அந்தக் காசில் வண்டியின் விலை திரும்பி வராது. ஆனால் இவ்வளவு பெரிய உருவத்துக்கு இது நல்ல முன்னேற்றம்.

டர்போ பயத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். 2024 மே மாதம் இதே 3.4 லிட்டர் எஞ்சின் போட்ட டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளில் ஏறக்குறைய ஒரு லட்சத்தை டொயோட்டா திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது இயந்திரத்தில் கடைந்த உலோகத் துணுக்குகள் எஞ்சினுக்குள் தங்கிவிட்டிருக்கலாம் என்பது காரணம். அவை பேரிங்குகளைக் கெடுத்தால் ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும். ஹைபிரிட் வண்டிகளை அதில் சேர்க்கவில்லை. எஞ்சின் நின்றாலும் மோட்டாரால் கொஞ்ச தூரம் நகரலாம், அதனால் சாலையில் ஆபத்து குறைவு என்பது அதற்குச் சொன்ன விளக்கம். செக்வோயா எல்லாமே ஹைபிரிட் என்பதால் அதுவும் வெளியே நின்றது. அந்த விளக்கம் பாதுகாப்பைப் பற்றியது, எஞ்சின் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அது உறுதி ஆகாது. உங்கள் நண்பர்கள் இதைச் சொல்லிக் கோபப்பட்டால் அவர்கள் பக்கம்தான் நியாயம். ஹைபிரிட் பேட்டரிக்கு 10 வருடம் அல்லது 1,50,000 மைல் வாரண்டி கொடுப்பவர்கள், எஞ்சினுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் 1,90,000 மைல் ஓட்டுகிற ஆள், அதனால் இதைச் சொல்கிறேன்.

இப்போது டிக்கி. நண்பர்கள் வி8-ஐப் பற்றிப் பேசும்போது அவர்களோடு கொஞ்ச நேரம் துக்கம் அனுசரியுங்கள். டிக்கியைப் பற்றிப் பேசும்போது பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயில் பொங்கலுக்குப் பெரிய அண்டா ஒன்று உண்டு. வருடா வருடம் என் பழைய செக்வோயாவில்தான் போகும். மூன்றாவது வரிசையை மடித்தால் அது தரையோடு தரையாகப் படுத்துவிடும், அண்டாவை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் அரிசி மூட்டை அடுக்கிவிடுவேன், ஆடாது. ஒரு வருடம் என் வண்டி மெக்கானிக்கிடம் இருந்ததால் அந்த நண்பரின் புது வண்டியைக் கொண்டுவரச் சொன்னோம். அவர் பின்கதவைத் திறந்து, சீட்டை மடித்தார். உள்ளே ஒரு திண்ணை இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கதவோரம் ஒரு பள்ளம், அதற்கு அப்பால் மடித்த சீட் உயரமாக, கிராமத்து வீட்டு வாசல் திண்ணை மாதிரி. பள்ளத்துக்கு மேலே ஒரு பலகையைத் தூக்கிப் பொருத்தி மட்டமாக்கலாம், அதையும் செய்து காட்டினார். மட்டமானதும் தரை மொத்தமும் திண்ணை உயரத்துக்கு வந்துவிட்டது. அண்டாவை நாலு பேர் தூக்கினோம். விளிம்பு கூரையில் இடித்தது. சாய்த்து, போர்வையைச் சுற்றி, ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். நண்பர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அறுபதாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய மனிதர்.

இந்தத் திண்ணைக்கு இரண்டு காரணம். பேட்டரியைக் கொண்டுபோய் மூன்றாவது வரிசைக்கு அடியில் வைத்தார்கள். அடுத்தது ஆக்சில். பழைய செக்வோயாவில் 2008 மாடலிலிருந்தே பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் இருந்தது. புதியது டண்ட்ராவோடு அடிச்சட்டத்தைப் பகிர்ந்துகொள்வதால், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்சிலுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த ஆக்சில் மொத்தமாக ஏறி இறங்க இடம் வேண்டும், அந்த இடத்தைத் தளத்திலிருந்துதான் எடுக்க முடியும். இத்தனைக்கும் போட்டி வண்டியான செவ்ரோலே டாஹோ 2021-இல் நேர் எதிர்த் திசையில் போனது. முழு ஆக்சிலை விட்டுத் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறி, தளத்தைத் தாழ்த்தி, பின் வரிசைகளை எல்லாம் மடித்தால் 122.9 கன அடி இடம் கொடுத்தது. செக்வோயா 120.1-இலிருந்து 86.9-க்கு இறங்கியது. மூன்றாவது வரிசையை மட்டும் மடித்தால் 66.6 இருந்தது 49 ஆகிவிட்டது.

ஒரு கணக்கை மட்டும் நண்பர்கள் விட்டுவிடுகிறார்கள், அது உங்களுக்கு முக்கியம். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் மிஞ்சும் இடம் புதியதில்தான் கூடுதல்: 18.9-க்குப் பதில் 22.3. மூன்றாவது வரிசை ஆறு அங்குலம் முன்னே நகர்வதும் அந்தப் பள்ளமும் இங்கே உதவுகின்றன. நீங்கள் ஆறு பேர். பெற்றோர் இருக்கும் ஆறு மாதமும் உங்களுக்கு மூன்று வரிசையும் நிமிர்ந்தேதான் இருக்கும். அண்டா ஏற்றுகிற எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிவது உங்கள் வீட்டில் தெரியாமலே போகலாம். ஆனால் மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மேலே ஏறி நிற்கும், தளம் உயர்ந்ததன் பலன் அது. குழந்தைகள் எத்தனை உயரம் என்று எழுதவில்லை. வளர்ந்துவிட்டார்கள் என்றால் யோசியுங்கள்.

எஞ்சினை மாற்றிய துணிவை நான் மதிக்கிறேன். தளத்தை உயர்த்தியது தவறு. டிரக்குக்காக யோசித்த ஹைபிரிட்டை அப்படியே எடுத்துக் குடும்ப வண்டிக்குள் வைத்துவிட்டார்கள், குடும்பம் உட்காரும் இடம் அதற்கு விலையாகப் போனது. டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் 2017-இலிருந்து உங்கள் பிளேனோவில்தான் இருக்கிறது. வண்டி தயாராவது எங்கள் ஊரான சான் ஆன்டோனியோவின் தெற்குப் பக்கத்தில், முன்பு இந்தியானாவின் பிரின்ஸ்டனில் செய்துகொண்டிருந்தார்கள். ஐ-35 நெடுஞ்சாலையில் கேரியர் லாரிகளில் புது செக்வோயாக்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்த வடிவமைப்பிலாவது அந்தத் தளம் இறங்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். உங்கள் சனிக்கிழமைக் கூட்டம் சத்தம் போட வேண்டியது அதற்குத்தான். வி8 இனித் திரும்பாது. தளம் திரும்பும், வாங்குகிறவர்கள் விடாமல் கேட்டால்.

ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லோரையும், முக்கியமாக அம்மாவை, கூட்டிக்கொண்டு போங்கள். நடுவரிசைக்கு ஏறும்போது அவர் எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று பாருங்கள், இறங்கும்போது கால் எங்கே தேடுகிறது என்றும் பாருங்கள். குழந்தைகளை மூன்றாவது வரிசையில் பத்து நிமிடமாவது உட்கார வையுங்கள். விமான நிலையத்துக்குப் போகும்போது எத்தனை பெட்டி வருமோ அத்தனையையும் எடுத்துப் போய்ப் பின்னால் அடுக்கிப் பாருங்கள். விற்பனையாளர் ஒன்றும் சொல்லமாட்டார். ஓட்டிப் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் ஓட்டினால் அந்த 583 பவுண்டு-அடியில் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

வாங்கவில்லை என்று முடிவானால், உங்கள் 2012-க்குக் கேம் டவர் கசிவை ஒருமுறை நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். அந்த எஞ்சின் இன்னும் நிறைய ஓடும்.

அன்புடன்