சம்பாதிக்கப் போனபோது யாரும் பயப்படவில்லை

'பாஷை தெரியாத நாட்டுக்குத் தனியாகப் போகும் பெண்களுக்குப் பயமே வராதா? வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைக்கிறார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயம் வரும். எனக்கு இப்போதும் இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்போது உள்ளங்கை வேர்க்கும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் இரண்டாவது கேள்விக்காக. அது என்னைச் சுட்டுவிட்டது.

நான் நாகர்கோவில் கோட்டாறுக்காரி. நர்ஸ். 2003-ல், 29 வயதில் சவூதிக்குப் போனேன். அதுவரை நான் போன அதிக தூரம் மதுரை. அன்றைக்கு 'ஒத்தைக்கா போற, பயமில்லையா' என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஏஜெண்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கிய பணம் இருந்தது, எனக்குக் கீழே கல்யாணத்துக்கு இரண்டு தங்கச்சிகள் இருந்தார்கள். அம்மா ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து போட்டுக் கொடுத்தாள். திருவனந்தபுரம் விமான நிலைய வாசல் வரை வந்த எல்லாரும் சந்தோஷமாகத்தான் கையசைத்தார்கள்.

ரியாத்தில் இறங்கினால் கூட்டிப் போக வேண்டிய ஆள் வரவில்லை. தனியாக வரும் பெண்ணை ஸ்பான்சர் தரப்பில் ஒருவர் வந்து பொறுப்பெடுக்காமல் வெளியே விடமாட்டார்கள், அப்போது அதுதான் அங்கே வழக்கம். ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். ஒன்பது மணி நேரம். என்னோடு ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தாள், அவளும் நர்ஸ்தான், அவளுக்கு அது இரண்டாவது தடவை. நான் அழுதுகொண்டே இருந்தேன். அவள் ஒரு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்து, அங்கே நின்ற அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுது, மணியை எழுது, ஆஸ்பத்திரி நம்பரை எழுது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் அவரிடம் கேள் என்றாள். அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். நாலாவது தடவை போனபோது அவரே ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தைரியம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்: அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைக் கையில் வைத்திருப்பது.

பதினான்கு வருடம் அங்கே இருந்தேன். அதற்குள் இரண்டு தங்கச்சிகள் கல்யாணம், அண்ணன் வீடு, அப்பாவின் ஆபரேஷன் எல்லாம் முடிந்தது. 2017-ல் ஊருக்கு வந்துவிட்டேன். 2023-ல், 49 வயதில், ஜப்பானுக்குப் பத்து நாள் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அன்றைக்குத்தான் எல்லாருக்கும் ஒரேயடியாகப் பயம் வந்தது. அண்ணன் மனைவி, என் மைனி, "இந்த வயசுல ஒத்தைக்கா? கூட ஆரு?" என்றாள். அண்ணன் நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்றான். நான் ராத்திரி டூட்டி பார்த்து அனுப்பிய பணத்துக்கு அந்த நாலு பேரும் ஒன்றும் சொன்னதில்லை. சொந்தக் காசில் சொந்த ஆசைக்குப் போகிறேன் என்றதும் அவர்களுக்கு என் பாதுகாப்பு ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் பயமுறுத்துகிறவர்களும் இதே ஆட்களாக இருந்தால் அதை முதலில் பிரித்துப் பாருங்கள். பயம் வேறு, 'இவள் தனக்காகச் செலவு செய்கிறாளே' என்பது வேறு.

இதை எழுதும்போது இன்னொன்றும் நெஞ்சை அடைக்கிறது, சொல்லிவிடுகிறேன். குலசேகரம் பக்கம் எனக்கென்று பதினைந்து சென்ட் வாங்கிப் போட்டிருந்தேன். அதில் ஒரு அயினி மரம், பலா இனம், நின்றது, இரண்டு ஆள் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். நான் ரியாத்தில் இருந்தபோது அதை வீட்டில் வெட்டி மர வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு ஃபோன்கூட இல்லை. லீவுக்கு வந்து பார்த்தால் மொட்டைக் குற்றி, அதைச் சுற்றி அயினிச்சக்கைக் கொட்டை முளைத்துக் கிடக்கிறது. காசு பெரிதில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏன் ஜப்பான் என்றால், எங்கள் ஊர்க் கோயிலின் புனிதர் சவேரியார், பிரான்சிஸ் சேவியர். டிசம்பர் 3-ம் தேதி அவர் திருநாளுக்கு எங்கள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சின்ன வயதிலிருந்து உப்பும் நல்லமிளகும் போட்டுக் கும்பிட்ட அந்த மனிதர் எங்கள் கடற்கரையில் நடந்தபிறகு, 1549 ஆகஸ்ட் 15-ல் ககோஷிமா என்ற ஊரில் போய் இறங்கினார். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு முப்பது வருட ஆசை. அம்மா மட்டும்தான் பயம் என்று சொல்லவில்லை. "அங்க அவருக்குக் கோயில் உண்டா மோளே?" என்று கேட்டாள்.

ஃபுகுவோகா நகரத்து ஹகாத்தா ஸ்டேஷனிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம். ககோஷிமாவில் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சகுராஜிமா என்ற எரிமலை, அது இன்றைக்கும் புகைந்துகொண்டே இருக்கிறது. நான் போனது செப்டம்பர். சாயங்காலம் டிராமில் ஏறினேன், பின்னால் ஏறி, இறங்கும்போது முன்னால் டிரைவர் பக்கத்துப் பெட்டியில் காசு போட வேண்டும். அந்தச் சில்லறையை எண்ணும் பரபரப்பில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். மழை இல்லை, ஆனால் தெருவில் குடை பிடித்து நடக்கிறார்கள். பல்லுக்குள் நறநறவென்று என்னவோ. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் கறுப்பு, மணவாளக்குறிச்சி கடற்கரை மணல் மாதிரியே மினுங்குகிறது. எரிமலைச் சாம்பல்.

அது குடிக்கும் கடைகள் நிறைந்த பகுதி. ஒரு ஆள், கோட்டு சூட்டு போட்டவர், நல்ல போதை, என்னோடு சேர்ந்து நடந்து என்னவோ பேசிக்கொண்டே வந்தார். ஃபோனில் சார்ஜ் நாலு சதவீதம். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை, ஓடவும் இல்லை. வெளிச்சமாக இருந்த முதல் கடைக்குள் நுழைந்து நேராகக் கல்லாவுக்குப் போய் நின்றேன். ஹோட்டல் பெயரை ஜப்பான் எழுத்தில் ஹோட்டல்காரர்களிடமே எழுதி வாங்கி வைத்திருந்தேன், அந்தக் காகிதத்தைக் காட்டினேன். கல்லாவில் இருந்த பெண் வெளியே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடவே வாசலுக்கு வந்து கைகாட்டினாள். அந்த ஆள் போய்விட்டிருந்தார். நடந்தது இவ்வளவுதான், ஆனால் அந்த இருபது அடியை நடக்க எனக்கு ரியாத் அறை உதவியது.

'ஜப்பான் பாதுகாப்பான நாடு, அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்' என்று சிலர் கீழே எழுதுவார்கள். பாதுகாப்பான நாடுதான். ஆனால் அங்கே நெரிசல் நேரத்தில் ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி விடுகிறார்கள். எதற்காக விட வேண்டிவந்தது என்று யோசியுங்கள். முழுக்கப் பயமில்லாத நாடு என்று ஒன்று இல்லை. அதற்காக வீட்டில் இருந்தால் பத்திரம் என்றும் இல்லை. 'காசு இருக்கிறவள் பேச்சு' என்றும் சொல்வார்கள். அந்தக் காசு பதினான்கு வருட நைட் டூட்டி, அதற்கு மேல் நான் விளக்கம் சொல்லப் போவதில்லை.

நான் செய்கிற சில விஷயங்களைச் சொல்கிறேன். புது ஊரில் பகல் வெளிச்சத்தில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுவேன். முதல் ராத்திரிக்கு மட்டும் ஸ்டேஷன் பக்கத்தில் தங்குவேன், பத்து ரூபாய் கூட ஆனாலும். நகை எதுவும் போடுவதில்லை. பாஸ்போர்ட் நகல் ஒன்று பையில், ஒன்று அம்மாவிடம். தினமும் ஒரே நேரத்தில் ஃபோன், அது தவறினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த நாட்டின் அவசர எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுவேன், ஜப்பானில் போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. அப்புறம் அங்கே தெருமுனைகளில் கோபான் என்று சின்னப் போலீஸ் சாவடி இருக்கும், வழி கேட்க வருகிறவர்களுக்காக வரைபடம் வைத்திருப்பார்கள். பாஷை தெரியாவிட்டாலும் காகிதத்தை நீட்டினால் போதும்.

மறுநாள் காலையில் சவேரியார் பெயரில் இருக்கிற சின்னப் பூங்காவுக்குப் போனேன். எதிரே அவர் பெயரில் கோயிலும் இருக்கிறது. சிலையில் அவர் தனியாக இல்லை, பக்கத்தில் அஞ்சிரோ நிற்கிறார். மலாக்காவில் அவரைச் சந்தித்து, பாஷை சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்த ஜப்பான்காரர். சவேரியாருக்கே பாஷைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று அங்கே நின்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

உங்களிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் சேருங்கள், அது இல்லாமல் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை என்கிற) வகையில் கொடுத்துவிட்டால் பிற்பாடு வளைகுடா மாதிரி நாட்டில் வேலைக்குப் போகும்போது தனி அனுமதி வாங்க அலைய வேண்டியிருக்கும். வீட்டில் யார் பயப்படுகிறார்கள், யார் வேறு எதற்காகவோ பேசுகிறார்கள் என்பது நீங்கள் தேதி சொன்ன அன்றைக்கே தெரிந்துவிடும். அந்தக் கைக்குட்டையை நான் துவைக்காமல் கொண்டு வந்தேன். அம்மா அதை மடித்துச் சவேரியார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.