கூல் டிரிங்க்ஸ் வேண்டாம், சரி. வேறென்ன குடிப்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: விட்டுவிட்டேன், அல்லது விடப்போகிறேன், அந்த இடத்தில் எதை வைப்பது? பதிலுக்கு முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிலர் எல்லாவற்றையும் சேர்த்து சோடா என்றே எழுதியிருக்கிறீர்கள். இங்கே நான் சோடா என்று சொன்னால் அது காஸ் ஏற்றிய வெறும் தண்ணீர். சர்க்கரையும் கலரும் வாசனையும் சேர்ந்தது கூல் டிரிங்க்ஸ். இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றக்கூடாது.

அப்புறம், என்னிடம் நேரில் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: முதல் மடக்கில் உங்களுக்கு என்ன பிடிக்கிறது? தொண்டையில் சுருக்கென்று ஏறுவதா, ஜில்லென்று இருப்பதா, தித்திப்பா, மதியத் தூக்கம் கலைவதா, இல்லை மூடியைத் திறக்கும் சாக்கில் நாற்காலியை விட்டு எழுந்து நாலடி நடப்பதா? இது தெரியாமல் மாற்று தேடினால் பத்து வகை வாங்கிப் பத்தையும் பாதியில் வைத்துவிடுவீர்கள்.

ஐந்து வருடமாக தினம் இரண்டு கேன் கோலா. இப்போது ஒரு வாரமாக நிறுத்தியிருக்கிறேன். தண்ணீர் குடித்தால் குடித்த மாதிரியே இல்லை. என்ன செய்ய?

உங்களுக்கு வேண்டியது அந்த சுருக்தான் என்று நினைக்கிறேன். அது குமிழி உடைவதால் வருவது என்று நாம் எல்லோரும் நினைப்போம், உண்மையில் பெரும்பகுதி அமிலத்தின் வேலை. கார்பன் டை ஆக்சைடு நாக்கில் பட்டதும் அங்கிருக்கும் ஒரு என்சைம் அதைக் கார்பானிக் அமிலமாக மாற்றுகிறது, அந்த அமிலம் வலியை உணரும் நரம்பைத் தட்டுகிறது, கடுகின் காரம் மூக்கில் ஏறுவதும் அதே நரம்பு வழியாகத்தான். மலையேறுகிறவர்கள் உயரத்தில் தலைசுற்றாமல் இருக்க அசெட்டாசோலமைடு என்ற மாத்திரை போடுவார்கள். அது இந்த என்சைமைத் தடுத்துவிடும், அதனால் அவர்களுக்கு எந்தக் காஸ் பானமும் நமுத்துப்போனது மாதிரி இருக்கும். குமிழி அப்படியே இருக்கும், சுருக் மட்டும் இருக்காது.

ஆக, வெறும் தண்ணீரால் உங்கள் நாக்கைச் சமாதானப்படுத்த முடியாது, அதில் தப்பும் இல்லை. சோடா குடியுங்கள். கூடவே இஞ்சி, ஏனென்றால் இஞ்சிக்கும் அதே மாதிரி சுருக்கென்று ஒரு கடி உண்டு. நான் செய்வது இப்படி: 100 கிராம் இஞ்சியைத் தோலோடு கழுவித் துருவி, அரை லிட்டர் தண்ணீரில் மூடி போட்டு 20 நிமிடம் சிறு தீயில் விட்டு, வடிகட்டி, ஆறியதும் ஃபிரிட்ஜில். நாலைந்து நாள் தாங்கும். குடிக்கும்போது உயரமான டம்ளரில் ஐஸ், இஞ்சித் தண்ணீர் மூன்று ஸ்பூன், அரை எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. சோடாவைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், டம்ளரைச் சாய்த்து ஓரமாக. ஐஸைப் போட்டதும் ஒரு மடக்குத் தண்ணீரால் அலசிக் கொட்டிவிடுங்கள், ஃப்ரீஸரிலிருந்து வந்த ஐஸின் சொரசொரப்பில்தான் காஸெல்லாம் நுரையாக ஓடிப்போகும், நனைந்து வழவழப்பானால் அடங்கி இருக்கும். ஸ்பூனால் ஒரே ஒரு முறை கிளறினால் போதும். சோடா பாட்டிலும் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும், பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் 20 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோலா வாசனைதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கோலாவின் மணம் என்பது முக்கியமாக எலுமிச்சை, ஆரஞ்சு தோல் எண்ணெய், பட்டை, வெனிலா, கொஞ்சம் ஜாதிக்காய். ஆரஞ்சுத் தோலை இரண்டாக மடித்து டம்ளருக்கு மேல் ஒரு பிழி (ஒளியில் பார்த்தால் எண்ணெய் பொடிப் பொடியாகத் தெறிப்பது தெரியும்), பட்டை ஊறிய தண்ணீர் இரண்டு ஸ்பூன், ஒரு சொட்டு வெனிலா எசென்ஸ். ஆரம்பத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டாலும் நான் திட்டமாட்டேன். ஒரு ஸ்பூன் என்றால் 4 கிராம். நீங்கள் விட்ட 330 மில்லி கேனில் 35 கிராம் இருந்தது.

இரண்டாம் நாளே தலை வெடிக்கிறது. சர்க்கரை இல்லாமல் உடம்பு ஏங்குகிறதா?

உங்கள் கடிதத்தில் தினம் மூன்று கேன் கோலா என்று இருக்கிறது, எனவே சந்தேகம் கஃபீன் மேல்தான். 355 மில்லி கோலாவில் 34 மில்லிகிராம் அளவு இருக்கும், மூன்று கேன் என்றால் ஒரு பெரிய கப் காபிக்குச் சமம். அதைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும். கூடவே எரிச்சல், தூக்கக் கலக்கம். ஒரேயடியாக நிறுத்தாமல் மூன்றை இரண்டாக்கி, நாலு நாள் கழித்து ஒன்றாக்கி இறங்குங்கள். அல்லது மதியம் சர்க்கரை இல்லாத ஒரு கப் தேநீர் குடியுங்கள், பாதித் தலைவலி அதிலேயே போய்விடும். வலி இதுவரை வந்ததே இல்லாத மாதிரி கடுமையாக இருந்தாலோ வாந்தி சேர்ந்து வந்தாலோ என் பத்தியைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

டயட் வகைக்கு மாறினால் போதாதா? கேன்சர் வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டயட் பானங்களில் சர்க்கரைக்குப் பதில் போடும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை "புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு குடித்தால் ஆபத்து என்பதை அல்ல. அதே சமயம் உணவுச் சேர்மானங்களுக்கான நிபுணர் குழு, தினசரி வரம்பு உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பதை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு நாளில் ஒன்பது முதல் பதினான்கு கேன் குடித்தால்தான் அந்த வரம்பு தாண்டும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அஸ்பார்டேம் கூடவே கூடாது.

என் சண்டை வேறு இடத்தில். தித்திப்பு பழக்கம் அப்படியே இருக்கும், பல்லுக்கு அமிலமும் அப்படியே. அதே 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்லியிருக்கிறது. ஒன்றிரண்டு மாதம் பாலமாகப் பயன்படுத்துங்கள், அங்கேயே குடியேறிவிடாதீர்கள்.

கோலாவுக்குப் பதில் சுத்தமான பழச்சாறு குடிக்கிறேன், சர்க்கரை சேர்க்கவே மாட்டேன். சரிதானே?

இல்லை. ஆரஞ்சுச் சாற்றில் 100 மில்லிக்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை தானாகவே இருக்கிறது, கோலாவில் 10.6. பிழிந்த சாறும் தேனும்கூட உலக சுகாதார அமைப்பின் கணக்கில் குறைக்க வேண்டிய சர்க்கரைதான், நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், சாறுதான் வேண்டுமென்றால் இரண்டு ஸ்பூன் சாறு, மீதி சோடா. டானிக் வாட்டரும் பார்க்க சோடா மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள், கசப்புக்குப் பின்னால் கிட்டத்தட்ட கூல் டிரிங்க்ஸ் அளவு சர்க்கரை ஒளிந்திருக்கும். விளையாட்டு வீரர்கள் குடிப்பதாக விற்கும் பாட்டிலும் அரை லிட்டருக்கு 30 கிராம் வரை போகும். லேபிளில் 100 மில்லிக்கு எவ்வளவு என்று பார்த்து, பாட்டிலின் அளவால் பெருக்குங்கள்.

எலுமிச்சைத் தண்ணீரில் சமையல் சோடா போட்டால் பொங்குகிறதே, அதையே தினமும் குடிக்கலாமா?

வேண்டாம். ஒரு டீஸ்பூனில் 1,250 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். நாள் முழுவதற்கும் சொல்லப்படுவதே 2,000. பொங்கினது அடங்கினதும் சோப்பு மாதிரி ஒரு ருசி வேறு.

வெறும் சோடா பல்லையும் எலும்பையும் அரிக்கும் என்கிறார்களே?

அமிலத்தை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறைய அமிலம் கூடும். பல்லின் எனாமல் பி.எச். 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும். கோலா 2.5 பக்கத்தில் இருக்கும், வெறும் சோடா 4 முதல் 5 வரை. இது நேர்கோட்டு அளவு இல்லை, ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. எனவே இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம். ஆனால் நான் மேலே சொன்ன எலுமிச்சை சேர்ந்தால் சோடாவும் கீழே இறங்கும், அதை மறைக்க மாட்டேன். அதனால் ஒரு டம்ளரை மேசையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சப்பிக்கொண்டிருக்காமல் சாப்பாட்டோடு குடித்து முடியுங்கள், பின்னால் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள், உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். எலும்பைப் பொறுத்தவரை, 2006-ல் வெளிவந்த அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் தினமும் கோலா குடித்த பெண்களின் இடுப்பெலும்பு அடர்த்தி குறைவாக இருந்தது, மற்ற காஸ் பானங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் உள்ளவர்களுக்குத்தான் சோடா ஒத்துவராமல் போகலாம்.

வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம். இன்சுலின் போடும் அப்பா மட்டும் ஒரு சின்ன பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறார். பிடுங்கிவிடவா?

ஐயோ, தொடாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்துக் கை நடுங்கும்போது அதுதான் மருந்து. 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும், அதாவது கோலா என்றால் சுமார் 150 மில்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். டயட் பாட்டில் அந்த நேரத்தில் தண்ணீருக்குச் சமம், எனவே அதோடு மாறிப்போகாமல் இருக்கட்டும். ஒளித்து வைக்க வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள், எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இருபது நாள் தாக்குப்பிடித்து, நண்பர்களோடு வெளியே போனபோது ஒன்று குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. அடுத்த முறை உட்கார்ந்தவுடன், மற்றவர்கள் ஆர்டர் சொல்வதற்கு முன்பே சோடாவும் எலுமிச்சையும் சொல்லிவிடுங்கள். கையில் ஏற்கெனவே ஒரு டம்ளர் இருந்தால் யாரும் வற்புறுத்துவதில்லை.

நிறுத்துவதென்று முடிவெடுத்த பிறகுதான் பார்த்தேன், ஃபிரிட்ஜில் இன்னும் ஆறு பாட்டில். குடித்து முடித்துவிட்டு ஆரம்பிக்கலாமா?

இந்தக் கேள்வியை எழுதும்போதே பதில் தெரிந்திருக்கும்! ஒன்று செய்யுங்கள். ஒரு பாட்டிலைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றி இரவு முழுக்க வெளியே வையுங்கள். காலையில் காஸும் போயிருக்கும், குளிரும் போயிருக்கும். அதில் ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். குளிர்ச்சி நாக்கில் தித்திப்பை மங்கச் செய்யும், காஸும் புளிப்பும் மீதியை மறைக்கும், அந்தத் திரை விலகினால் தெரிவது உதட்டில் ஒட்டும் பாகு. நான் பல வருடம் முன்னால் இதைத் தற்செயலாகத்தான் செய்தேன், மேசையில் மறந்துவிட்ட டம்ளர், தாகத்தில் எடுத்து ஒரு வாய், அப்படியே சிங்க்கில் துப்பினேன். மற்ற ஐந்து பாட்டிலையும் என்ன செய்வதென்று அதற்கப்புறம் எனக்கு எழுதுங்கள்.