வேகமான மொபைல் இணையம் வந்தால் குதிரைப் பந்தய ஒளிபரப்பும் பந்தயம் கட்டுவதும் எப்படி மாறும்?

இதில் முக்கியமான சொல் 'தாமதம்'. களத்தில் நடப்பது உங்கள் போன் திரைக்கு வந்துசேர எடுக்கும் நேரம் அது. மின்னல் வெட்டிய பிறகுதானே இடி கேட்கிறது? நேரலையும் அப்படித்தான். படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். நடுவில் நின்றுவிடாமல் இருக்க, போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துவைத்த பிறகே காட்டத் தொடங்கும்.

1,000 மீட்டர் பந்தயம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். படம் பத்து நொடி பிந்தினால், குதிரை நிஜத்தில் 160 மீட்டர் முன்னால் போயிருக்கும். பிரிட்டனில் ஓட்டத்தின் நடுவிலேயே பந்தயம் கட்டலாம். இந்த இடைவெளியில் காசு பார்க்க, மைதானத்துக்கு வெளியிலிருந்து ட்ரோன் பறக்கவிடுகிறவர்களும் அங்கே உண்டு!

5ஜி இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கும். ஜாக்கியின் தலைக்கவசக் கேமராவிலிருந்து கம்பியில்லாமல் நேரடிப் படம் அனுப்பவும் உதவும். ரசிகர்களுக்கு இதுதான் பெரிய லாபம் என்பேன்.

அப்புறம், 5ஜி போன் வாங்கினாலே தாமதம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாமதத்தில் பெரும்பகுதி படத்தைச் சுருக்குவதிலும் துண்டுகளைச் சேர்த்துவைப்பதிலும்தான் இருக்கிறது, மொபைல் இணைப்பில் அல்ல.